பழைய காரில் ஸ்டீயரிங் ஆடுகிறதா, மரத்துப்போய்விட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஸ்டீயரிங் சரியில்லை" என்று நாலு பேர் சொன்னால் அது பெரும்பாலும் நாலு வேறு கோளாறு. ஒருவருக்குத் திருப்பினாலும் கார் திரும்ப ஒரு கணம் ஆகிறது. இன்னொருவருக்கு நேர்ரோட்டில் கார் அலைகிறது. மூன்றாமவருக்குத் திருப்பிய இடத்திலேயே ஸ்டீயரிங் நின்றுவிடுகிறது. நான்காமவருக்கு எல்லாம் நடக்கிறது, ஆனால் கையில் எதுவும் உணர்வதில்லை. பாகம் வாங்கும் முன் இந்த நாலில் உங்களுடையது எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆட்டம், மரத்துப்போவது, இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஆட்டம் என்பது வெற்றிடம். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்புகிறீர்கள், முன் சக்கரம் அசையவே இல்லை. அந்தத் தூரத்துக்குள் கையில் எடையும் தெரியாது. மெக்கானிக்குகள் "ப்ளே" என்று சொல்வது இதைத்தான். காரணம் எங்கோ ஒரு இணைப்பு தேய்ந்திருக்கிறது, அல்லது ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது.

மரத்துப்போவது இதற்கு நேர் எதிர் பக்கத்திலிருந்து வருகிறது. சக்கரம் உடனே திரும்பும். ஆனால் ரோட்டில் நடப்பது கைக்கு வந்து சேராது. வளைவில் ஸ்டீயரிங் கனக்காது, விட்டால் நடுவுக்குத் திரும்பாது அல்லது சோம்பலாகத் திரும்பும். இதற்குப் பெரும்பாலும் காரணம் உராய்வு. எங்கோ ஒன்று தேவைக்கு மேல் இறுகியிருக்கிறது, காய்ந்திருக்கிறது, துருப்பிடித்திருக்கிறது.

ஒன்றுக்கு மருந்து இறுக்குவது, மற்றதற்கு இளக்குவது. மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்று கீழே வருகிறது.

எவ்வளவு ஆட்டம் வரை பரவாயில்லை? எப்படி அளப்பது?

காரைச் சமதளத்தில், முன் சக்கரங்கள் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும்) பவர் ஸ்டீயரிங் இருந்தால் இன்ஜின் ஓடட்டும். இன்ஜின் அணைந்த நிலையில் அளந்தால், அதற்குள் இருக்கும் டார்ஷன் பார் என்ற ஒல்லியான கம்பி முறுக்கிக்கொள்வதும் ஆட்டம் போலவே தெரிந்து ஏமாற்றும். ஸ்டீயரிங் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி, அதற்கு நேராக டாஷ்போர்டில் ஒரு ஸ்கேலை வையுங்கள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி முன் டயரைப் பார்த்துக்கொண்டே ஸ்டீயரிங்கை ஒரு விரலால் மெல்ல இடமும் வலமும் தள்ளுங்கள். டயர் அசையத் தொடங்கும் புள்ளிகள் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் ஆட்டம்.

ராக் அண்ட் பினியன் (ஸ்டீயரிங் தண்டின் பற்சக்கரம் ஒரு பற்கம்பியை இடமும் வலமும் நகர்த்தும் வகை, சுருக்கமாக ராக்) கார்களுக்குப் பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் 30 மி.மீ. வரை அனுமதிக்கின்றன. நல்ல நிலையில் இருக்கும் ராக் உண்மையில் அதில் பாதிகூடக் காட்டாது. ஸ்டீயரிங் பாக்ஸ் உள்ள பழைய கார்களில் அதைவிடக் கூடுதலாக இருப்பது இயல்பு. பாக்ஸ், அதிலிருந்து கிளம்பும் கம்பிகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு ஜாயிண்ட் என்று கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே அத்தனை இணைப்புகள். உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுதான் இறுதி.

எண்ணைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் சரிசெய்தபின் மறுபடி அளந்தால் எது உண்மையில் உதவியது என்று தெரியும். "முன்னைவிடப் பரவாயில்லை போலிருக்கிறது" என்பது அளவு ஆகாது.

கீழே ஜாயிண்டில் துளிதான் ஆடுகிறது. மேலே ஏன் இவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே சக்கரத்தைத் திருப்பும் இரும்புக் கை 120 மி.மீ. நீளம் என்று வையுங்கள். அதன் முனையில் 1 மி.மீ. தேய்மானம் இருந்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட அரை டிகிரி. ஸ்டீயரிங் விகிதம் 16-க்கு 1 (ஸ்டீயரிங் 16 டிகிரி திரும்பினால் சக்கரம் 1 டிகிரி) என்றால் அந்த அரை டிகிரி உங்கள் கையில் சுமார் 8 டிகிரி. 380 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் அது 25 மி.மீ. ஆகிறது. அதாவது கண்ணுக்கே சரியாகப் படாத ஒரு மில்லிமீட்டர், கைக்கு வரும்போது ஒரு அங்குலம்.

இதையே திருப்பியும் சொல்லலாம். கையில் 50 மி.மீ. ஆட்டம் இருந்தால் கீழே பூதாகரமான உடைசல் எதையும் தேடாதீர்கள். நாலு இடத்தில் அரை அரை மில்லிமீட்டராகச் சேர்ந்ததாகவும் இருக்கலாம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

டயரிலிருந்து. சொன்னால் சிரிப்பார்கள், இருந்தாலும் டயரிலிருந்துதான்.

காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் வளைந்து, ஸ்டீயரிங் திரும்பியபின் ஒரு கணம் கழித்துத்தான் கார் திரும்பும். ஓட்டுபவருக்கு அது அச்சு அசல் ஆட்டம் போலவே இருக்கும். காரின் கதவு ஓரத்திலோ கையேட்டிலோ எழுதியிருக்கும் அழுத்தத்தை, டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். பிறகு டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். நாலு இலக்கம் இருக்கும். 3512 என்றால் 2012-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரம் செய்தது. பட்டன் (டயரின் மேல் உள்ள வரிப்பள்ளம்) இன்னும் ஆழமாக இருக்கிறதே என்று வைத்திருக்கும் வயதான டயரின் ரப்பர் பலகைபோல் ஆகியிருக்கும். அது ரோட்டைப் பிடிக்கவும் செய்யாது, கைக்குச் சேதி சொல்லவும் செய்யாது. புத்தம்புது டயரும் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு வழவழவென்று, நடுவில் குழைவாக இருக்கும். அது தானாகச் சரியாகும்.

முன் டயர்கள் இரண்டும் ஒரே ரகம்தானா, பக்கச்சுவரில் வீக்கம் உண்டா, ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரத் தேய்மானம் அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்கள்) பற்றிய இலவசத் தகவல்.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்கச் சிறந்த சோதனை எது?

இரண்டு பேர் சோதனை. கருவி எதுவும் வேண்டாம். பொறுமையான ஒரு துணை ஆள் போதும்.

முக்கியமான விஷயம், காரின் எடை டயரின் மேல் இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிவிட்டால் ஜாயிண்டுகள் வேறு நிலைக்குப் போய், தேய்ந்தவைகூட இறுக்கமாகத் தெரியும். அடியில் நுழைய இடம் வேண்டும் என்றால் சக்கரங்கள் நான்கையும் உறுதியான சாய்தளத்தின் மேலோ குழியின் மேலோ நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக், பின் சக்கரத்துக்குக் கட்டை. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது எந்தக் காலத்திலும் வேண்டாம்.

துணை ஆள் ஸ்டீயரிங்கை இடமும் வலமும், ஆட்டம் முடிந்து சற்றே கனக்கும் வரை மட்டும், சீராக அசைத்துக்கொண்டே இருக்கட்டும். முழுக்கத் திருப்பக் கூடாது. நீங்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் பக்கம் அசையும்போது அந்தப் பக்கமும் அதே கணத்தில் அசைகிறதா?

முதலில் ஸ்டீயரிங் வீலே தன் தண்டில் தளர்ந்திருக்கலாம். நடு நட் இறுக்கமா என்று பார்க்க வேண்டும். ஏர்பேக் உள்ள காரில் அந்த மூடியைத் தெரியாமல் கழற்ற வேண்டாம். அடுத்தது இன்ஜின் பக்கம் இறங்கும் இடைத்தண்டும் அதிலுள்ள கிராஸ் ஜாயிண்டுகளும் (தண்டு கோணம் மாறியும் சுழல உதவும் சிலுவை வடிவ இணைப்புகள்). சில கார்களில் இங்கே ஒரு ரப்பர் கப்ளிங் இருக்கும். ரப்பர் வெடித்து நார் பிரிந்திருந்தால் மேல்தண்டு முதலில் முறுக்கிக்கொண்டு பிறகுதான் கீழ்த்தண்டு கிளம்பும். கண்ணாலேயே பார்க்கலாம்.

அதன் பிறகு ராக் அல்லது பாக்ஸ். உள்ளே தேய்மானம் தேடும் முன் அது பொருந்தியிருக்கும் இடத்தைப் பாருங்கள். ராக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் (இணைப்பில் செருகியிருக்கும் வளையம்) எண்ணெய் பட்டு ஊறிப்போயிருந்தால் ராக் முழுவதுமே இடமும் வலமும் நகரும். பாக்ஸ் உள்ள வண்டியில் போல்ட் தளர்ந்தோ, அது பொருந்திய சேசிஸ் தகடு விரிசல் விட்டோ பாக்ஸே அசையலாம். விரிசல் அழுக்குக்குள் ஒளிந்திருக்கும். துடைத்துவிட்டுப் பாருங்கள்.

பிறகு டை ராட் (சக்கரத்தைத் தள்ளியும் இழுத்தும் திருப்பும் கம்பி) முனைகள். விரலை ஜாயிண்டின் மேல், பாதி இந்தப் பாகத்திலும் பாதி அந்தப் பாகத்திலுமாக வைத்தால் கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும். 'டிக்' என்று ஒரு சின்னத் தட்டல் வந்தால் அதுதான். விரல் நசுங்காத இடமாகப் பார்த்து வையுங்கள். ராக் கார்களில் உள்முனை ஜாயிண்ட் ரப்பர் உறைக்குள் இருக்கும். உறையை வெளியிலிருந்து அமுக்கிப் பிடித்தால் உள்ளே அசைவது தெரியும்.

பலர் தவறவிடும் ஒன்று: டை ராட் எண்டுகள் பலவற்றில் உள்ளே ஸ்பிரிங் உண்டு. அச்சின் திசையில் அமுக்கினால் கொஞ்சம் உள்வாங்கும். அது கோளாறு இல்லை. பக்கவாட்டில் தளர்வாக இருந்தால்தான் மாற்ற வேண்டும்.

அப்போ ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பது வீணா?

வீண் இல்லை, அது வேறு பாகங்களுக்கு. ஒரு பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கடிகாரத்தின் 12, 6 மணி இடங்களில் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங், பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்ப இடம் தரும் குண்டு மூட்டு), பழைய வகை வண்டியானால் அந்த மூட்டுக்குப் பதில் இருக்கும் கிங் பின். எது என்று பிரிக்க எளிய வழி உண்டு. ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாமல் நின்றால் மற்றவை. 3, 9 மணி இடங்களில் மட்டும் ஆடினால் டை ராட் பக்கம் சந்தேகப்படுங்கள்.

எந்த இடத்தில் தூக்குகிறோம் என்பதும் உண்டு. மெக்பர்சன் ஸ்டரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் வகை) காரில் பாடியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் கீழ் பால் ஜாயிண்டின் தேய்மானம் தெரியும். சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ் ஆர்மின் (லோயர் ஆர்ம்) மேல் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் வகையில் அப்படித் தொங்கவிட்டால் ஸ்பிரிங்கின் விசையே ஜாயிண்டை இறுக்கிப் பிடித்துவிடும். அங்கே கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்க வேண்டும்.

என் காரில் இருப்பது ராக்கா, பாக்ஸா?

முன்பக்கம் குனிந்து பாருங்கள். இரு பக்கமும் ரப்பர் உறைகளோடு, காரின் குறுக்கே ஒரே நீளக் குழாய் கிடந்தால் ராக். டிரைவர் பக்கச் சேசிஸில் ஒரு இரும்புப் பெட்டி பொருந்தி, அதிலிருந்து ஒரு கை தொங்கி, மறுபக்கத்தில் அதேபோல் இன்னொரு கை இருந்து, இரண்டையும் ஒரு நீளக் கம்பி இணைத்தால் பாக்ஸ். பெட்டியிலிருந்து தொங்குவது பிட்மேன் ஆர்ம், எதிர்ப்பக்கத்தில் இருப்பது ஐட்லர் ஆர்ம்.

இந்த ஐட்லர் ஆர்மை யாரும் மதிப்பதில்லை. அது எதையும் திருப்புவதில்லை, கம்பியின் மறுமுனையைத் தாங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் அதன் புஷ் தேய்ந்தால் கம்பி மேலும் கீழும் ஆடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சக்கரங்களின் கோணம் மாறும். கார் தானாக இடமும் வலமும் மேய ஆரம்பிக்கும். கையால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள்.

பாக்ஸின் தலையில் ஒரு ஸ்குரூ இருக்கிறதே, அதை முறுக்கினால் ஆட்டம் போய்விடும் என்கிறார்களே?

போகும். அதுதான் ஆபத்து.

இங்கே என் கதை. என் பழைய காரில் ஆட்டம் மிகுந்தபோது, இரண்டு பேர் சோதனை எல்லாம் யார் செய்வது என்று நேராகப் பாக்ஸின் ஸ்குரூவுக்குப் போனேன். அரைச் சுற்று முறுக்கினேன். ஆட்டம் குறைந்தது, மகிழ்ச்சி. இன்னொரு அரைச் சுற்று. மறுநாள் ஒரு திருப்பத்தில் கையை விட்டேன், ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்பவே இல்லை. கார் வளைந்த பாதையிலேயே போய்க்கொண்டிருந்தது. கையால் இழுத்துத்தான் நேராக்க வேண்டியிருந்தது. ஆட்டக் கோளாறை மரத்துப்போன கோளாறாக மாற்றிவிட்டேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி ஐட்லர் ஆர்ம் புஷ். ஸ்குரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, புஷ்ஷை மாற்றியதும் சரியானது.

காரணம் இது. பாக்ஸின் பற்கள் நடுவில் இறுக்கமாகவும் ஓரங்களில் சற்றுத் தளர்வாகவும் இருக்கும்படிதான் செய்யப்படுகின்றன. நாம் ஓட்டுவதில் பெரும்பகுதி நேராக ஓட்டுவது என்பதால் தேய்மானமும் நடுவில்தான். தேய்ந்த நடுவை இறுக்கிச் சரிசெய்யப் போனால், தேயாத ஓரங்கள் பிடித்துக்கொள்ளும். ஆகவே மற்ற எல்லா இணைப்பும் சரி என்று உறுதியான பிறகு, சக்கரம் நேராக இருக்கும்போது, லாக் நட்டைத் தளர்த்தி எட்டில் ஒரு பங்கு சுற்றாக முறுக்கி, ஒவ்வொரு முறையும் முழு இடம் முழு வலம் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கேயாவது கனத்தால் பின்வாங்குங்கள். அதற்கும் அடங்காத பாக்ஸைப் பிரித்துப் புதுப்பிக்கத்தான் வேண்டும்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. நேராக ஓடும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறதென்று யாராவது எப்போதாவது வீலை மட்டும் கழற்றி நேராக மாட்டியிருக்கலாம். அப்படியானால் கார் நேராகப் போகும்போது பாக்ஸ் தன் நடுவில் இல்லை. தளர்வான ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. தேய்மானமே இல்லாமல் ஆட்டம்! சோதிக்க, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் சரிபாதியில் நிறுத்துங்கள். அப்போது முன் சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும். இல்லையென்றால் டை ராடுகளின் நீளத்தை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும், வீலைக் கழற்றி அல்ல.

ராக்கிலும் இதேபோல் ஸ்பிரிங்கை அழுத்தும் ஒரு மூடி உண்டு. அதற்கும் இதே எச்சரிக்கைதான். குண்டு குழிகளில் கடகடவென்று தட்டும் ராக்கைக் கொஞ்சம் இறுக்கலாம். நடுப்பற்கள் தேய்ந்த ராக்கைக் காப்பாற்றாது.

எல்லா ஜாயிண்டும் கெட்டியாக இருக்கிறது. ஆனாலும் நேர்ரோட்டில் கார் அலைகிறது. ஏன்?

இது கோணங்களின் கதை. முன் சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம் வெளிநோக்கித் திறந்திருந்தால் கார் ஒவ்வொரு சிறு மேட்டுக்கும் ஒரு பக்கம் பாயும். அடுத்தது காஸ்டர். சக்கரம் திரும்பும் அச்சு மேல்பக்கம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் அது. ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருவதில் அதற்குப் பெரும் பங்கு. லோயர் ஆர்ம் புஷ் நைந்து சக்கரம் பின்னே நகர்ந்துவிட்டால் காஸ்டர் குறைந்துவிடும்.

மிகப் பழைய கார்களுக்கு இன்னொரு சிக்கல். பவர் இல்லாத காலத்தில் கை வலிக்கக்கூடாது என்றும், அன்றைய குறுக்கிழை டயர்களுக்கு (உள்ளிழைகள் சாய்வாகக் குறுக்கிடும் பழைய வகை) ஏற்றபடியும் மிகக் குறைந்த காஸ்டர் வைத்தார்கள். அதில் இன்றைய ரேடியல் டயரைப் போட்டால், பாகமெல்லாம் புதிதாக இருந்தாலும் நடுவில் ஒரு பிடிப்பின்மை இருக்கும். சரிசெய்யும் வசதி இருந்தால் காஸ்டரை ஒன்றிரண்டு டிகிரி கூட்டுவது இங்கே அற்புதம் செய்யும். கை கொஞ்சம் கனக்கும்.

அப்புறம் பின்பக்கம். பின் அச்சைப் பிடித்திருக்கும் புஷ் போயிருந்தாலோ, பட்டை ஸ்பிரிங்கின் யூ போல்ட் தளர்ந்திருந்தாலோ பின் சக்கரங்கள் காரைத் திருப்பும். ஓட்டுபவர் முன்பக்கத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு பக்கமும் விடும்போது மறுபக்கமும் கார் ஒதுங்கினால் பின்னால் போய்ப் பாருங்கள். முன்சக்கர இழுவைக் காராக இருந்தால் இதே அறிகுறி முன் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் குறிக்கும். பிரேக் பிடிக்கும்போதும் விலகும்.

ஸ்டீயரிங் மரத்துப்போனதற்கு என்ன பார்ப்பது?

முதலில் நாம் 'உணர்வு' என்று சொல்வது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வளைவில் டயர் ரோட்டைப் பிடிக்கும்போது, அது தன்னை நேராக்கிக்கொள்ள முயலும். அந்த முறுக்கு விசைதான் கம்பிகள் வழியாகக் கைக்கு வருகிறது. நடுவுக்கு அருகில் அந்த விசை மிகச் சிறியது. வழியில் எங்காவது உராய்வு அதைவிடப் பெரிதாக இருந்தால் விசை அங்கேயே செத்துவிடும். கைக்கு வருவது வெறும் பிசுபிசுப்பு.

ஆகவே உராய்வைத் தேடுங்கள். முன்பக்கத்தை முழுவதும் தூக்கி, சக்கரங்கள் காற்றில் இருக்க, கையாலேயே ஒரு சக்கரத்தைப் பிடித்து முழு இடம், முழு வலம் திருப்புங்கள். சீராக, பட்டுப்போல் திரும்ப வேண்டும். பிடித்தால் டை ராட் முனைகளைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகத் திருப்புங்கள். சக்கரப் பக்கம் கனமாக இருந்தால் காய்ந்த பால் ஜாயிண்ட், அல்லது ஸ்டரட்டின் மேல் உள்ள பேரிங். அந்த மேல் பேரிங் துருப்பிடித்தால் ஓர் அழகான அறிகுறி வரும்: வலது திரும்பி நேரானபின் கார் வலப்பக்கமே இழுக்கும், இடது திரும்பி வந்தால் இடப்பக்கம். இழுக்கும் திசை மாறிக்கொண்டே இருக்கும் காருக்கு அலைன்மெண்ட் செய்து பயனில்லை. ஸ்டீயரிங் பக்கம் கனமாக இருந்தால் இறுகிய ராக், பாக்ஸ், அல்லது கிராஸ் ஜாயிண்ட்.

கிரீஸ் நிப்பிள் (ஜாயிண்டுக்குள் கிரீஸ் ஏற்றும் சிறு முனை) உள்ள வண்டியானால் அதிர்ஷ்டம். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை புதியதை ஏற்றுங்கள். கார் தரையில் நிற்கும்போது ஒருமுறை, தூக்கியிருக்கும்போது ஒருமுறை ஏற்றினால் இரு பக்கமும் போய்ச்சேரும்.

திருப்பும்போது கனம், லேசு, கனம், லேசு என்று மாறி மாறி வருகிறது.

இடைத்தண்டின் கிராஸ் ஜாயிண்ட் துருப்பிடித்திருக்கிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கனக்கும். துருவை இளக்கும் நல்ல எண்ணெய் விட்டால் தற்காலிகமாக இளகும். மாற்றுவதுதான் சரி.

பவர் ஸ்டீயரிங் இருக்கிறது. அதனால்தான் மரத்துப்போனதா?

ஓரளவு அது பிறவிக் குணமாகவும் இருக்கலாம். விற்பனைக் காரில் பவர் ஸ்டீயரிங் முதலில் வந்தது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில். அதன் பிறகு வந்த பெரிய கார்கள் பலவற்றை ஒரு விரலால் திருப்பலாம், கீழே ரோடு இருக்கிறதா என்று மட்டும் தெரியாது. உங்கள் காரும் அந்த வம்சமென்றால் அதைக் கோளாறாக நினைக்க வேண்டாம்.

முன்பு நன்றாக இருந்து இப்போது மாறியிருந்தால் ஆயிலைப் பாருங்கள். அளவு, நிறம், நுரை. நுரை இருந்தால் எங்கோ காற்று நுழைகிறது. கறுத்திருந்தால் மாற்றுங்கள், கையேடு சொல்லும் ரகம் மட்டும். பெல்ட் தளர்ந்தால் நின்ற இடத்தில் வேகமாகத் திருப்பும்போது கீச்சிட்டுக் கனக்கும். ஒன்றை நினைவில் வையுங்கள்: பம்ப் கோளாறு ஸ்டீயரிங்கைக் கனமாக்கும், ஆட்டம் தராது. ஆட்டத்துக்காகப் பம்பை மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

எலக்ட்ரிக் வகை 1988-இல் சுசுகி செர்வோவில் தொடங்கியது, இப்போது அவையும் பழைய கார்களாகிவிட்டன. அதில் பேட்டரி, ஆல்டர்னேட்டர் மின்னழுத்தம் பலவீனமானால் உதவி ஏறி இறங்கும். டாஷ்போர்டில் அதன் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும். நேராக ஓடும்போதே ஒரு பக்கம் லேசாகத் தள்ளினால் சென்சாரின் நடுப்புள்ளி விலகியிருக்கலாம்.

பாகம் மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

டை ராட் எண்டைக் கழற்றும் முன் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள், அல்லது மரையில் பெயிண்ட் கோடு போடுங்கள். புதியதை அதே இடத்தில் நிறுத்தினால் அலைன்மெண்ட் கடைவரை கார் ஒழுங்காகப் போகும். ஸ்ப்ளிட் பின் (நட் கழலாமல் இருக்க ஓட்டையில் செருகி மடக்கும் கம்பி) எப்போதும் புதிது. ஓட்டை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி அடுத்த ஓட்டைக்குக் கொண்டுவர வேண்டும், தளர்த்தக் கூடாது. நைலான் வளையம் உள்ள நட்டை இரண்டாம் முறை பயன்படுத்தாதீர்கள். ரப்பர் புஷ் உள்ள ஆர்ம்களின் போல்டைச் சக்கரம் தரையில் எடை தாங்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

அலைன்மெண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. ஆடும் ஜாயிண்டை வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் செய்தால், கடையின் திரையில் பச்சை காட்டும், ரோட்டுக்கு வந்ததும் மாறிவிடும்.

இப்படியே கொஞ்ச நாள் ஓட்டலாமா?

பல மாதமாக மெல்ல வளர்ந்த சிறு ஆட்டம் என்றால், சோதனை செய்து பார்க்கும்வரை நிதானமாக ஓட்டலாம். ஆனால் திடீரென்று ஒரே நாளில் ஆட்டம் கூடினால், திருப்பும்போது 'டொக்' என்று புதிதாகத் தட்டினால், ஸ்டீயரிங் ஒரு இடத்தில் மாட்டி விடுபட்டால், ஒரு நட்டோ பின்னோ காணவில்லை என்றால், வண்டியை அங்கேயே நிறுத்தி ஏற்றிச் செல்லுங்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். அதற்கு வேகம்கூடத் தேவையில்லை. கிழிந்த ரப்பர் உறை உடனடி ஆபத்து இல்லை, ஆனால் மண்ணும் நீரும் உள்ளே போக ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம்.

எல்லாம் புதிதாகப் போட்டால் இன்றைய கார் போல இருக்குமா?

ராக் கார் என்றால் கிட்டத்தட்ட வரும். பாக்ஸ் கார் வராது. நடுவில் ஒரு சிறு மென்மை அதன் கட்டமைப்பிலேயே இருக்கிறது. அதே மாடலை நன்றாகப் பராமரிக்கும் வேறொருவரிடம் கேட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். உங்கள் டேப் குறித்த மில்லிமீட்டர் அந்தக் காரின் அளவுக்கு வந்துவிட்டால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடலாம்.